கொக்கு திரும்பிப் பார்க்காத பெயர்

“பேரைச் சொல்லுப்பா. பெயிண்ட் காயுது.”

செலோ தூரிகையை டப்பாவின் விளிம்பில் சாய்த்துவிட்டு நிமிர்ந்தான். மாமரத்தடியில், இரண்டு நாற்காலிகளுக்குக் குறுக்கே, வெள்ளைச் சிலுவை மல்லாந்து கிடந்தது. அதில் பென்சிலால் மூன்று கோடு. முதல் கோட்டில் பெயர் வர வேண்டும். இரண்டாவதில் பிறந்த தேதி. மூன்றாவதை மட்டும் செலோ யாரையும் கேட்காமலே எழுதி முடித்திருந்தான். நேற்றைய தேதி. அதில் எவருக்கும் சந்தேகம் இல்லை.

துலியோ சிலுவையையே பார்த்துக்கொண்டு நின்றான். சர்க்கரை ஆலையின் பன்னிரண்டு மணிச் சங்கு ஊதி ஓய்ந்தது. நாலு மணிக்கு அடக்கம்.

“உன்னைத்தான்டா கேக்குறேன். உங்கண்ணனுக்கு என்ன பேரு போடட்டும்?”

பதில் சமையலறை ஜன்னலிலிருந்து வந்தது. “துலியோ பெகெரோ. இதுல கேக்குறதுக்கு என்ன இருக்கு?”

யூடெல்கா. செத்தவனின் மனைவி. கையில் காப்பிப் பாத்திரம், கண்ணில் தூங்காத சிவப்பு.

செலோ அவளைப் பார்த்தான். பிறகு எதிரே நின்ற துலியோவைப் பார்த்தான். இறந்தவனுக்கு எழுதச் சொன்ன பெயர், உயிரோடு எதிரில் நிற்பவனுடையது. செலோவுக்கு அது தெரியும். ஊரில் ஐம்பதைத் தாண்டிய எல்லோருக்கும் தெரியும்.

“அஞ்சு நிமிஷம் குடு,” என்றான் துலியோ.

“நான் குடுப்பேன். வெயில் குடுக்குமா?”

துலியோ சமையலறைப் பக்கம் நடந்தான். முப்பத்தொன்பது வருடமாக மூடியிருந்த ஒன்றை இன்றைக்குத் திறக்க வேண்டும். திறப்பதற்கு நாலு மணிநேரம்கூட இல்லை.

முப்பத்தொன்பது வருடத்துக்கு முன்னால் ஒரு அமெரிக்க பேஸ்பால் அணிக்கு ஆள் எடுப்பவன் ஒருத்தன் இந்த ஆலை மைதானத்துக்கு வந்தான். அன்று மைதானத்தின் நடுக்கோடியில், சென்டர் ஃபீல்டில், நின்றது மூத்தவன் ஃபெர்மின். கழுத்தை நீட்டி, கைகளை விரித்து, நீள நீளமாகக் கால் போட்டு ஓடுவான். ஊர் அவனுக்குக் கொக்கு என்று பெயர் வைத்திருந்தது. மட்டையில் பந்து படும் சத்தத்தைக் கேட்ட மாத்திரத்தில் முதுகைக் காட்டித் திரும்பி ஓடுவான். அண்ணாந்துகூடப் பார்க்க மாட்டான். பந்து விழும் இடத்தில் அதற்கு முன்னாலேயே போய்க் காத்திருப்பான். வந்தவன் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டான்.

“வயசு என்ன?”

“பத்தொம்போது.”

நோட்டை மூடிவிட்டான். அந்தத் தொழிலில் பத்தொன்பது என்றால் கிழவன். பதினாறில் பிடித்துக்கொண்டு போய் வளர்ப்பதுதான் அவர்கள் வழக்கம்.

ஆனால் வீட்டில் ஒரு பதினாறு இருந்தது. தம்பி துலியோவின் பிறப்புச் சான்றிதழ்.

ஒரே வாரத்தில் ஃபெர்மின், துலியோ ஆனான். துலியோ, ஃபெர்மின் ஆனான். விசாரிப்பதற்கு அமெரிக்காவிலிருந்து ஒருவன் நோட்டும் பேனாவுமாக வந்தபோது ஊரே ஒத்திகை பார்த்து வைத்திருந்தது. முடி திருத்தும் மார்சியால்தான் அன்றைய கதாநாயகன். “ரெண்டு பேருக்கும் நான்தான் சார் முடி வெட்றேன். பந்தாடுறவன்தான் சின்னவன், துலியோ. இதோ நிக்கிறானே குள்ளமா, இவன்தான் மூத்தவன். சோறு எறங்கலை, அதான் வளரலை.” விசாரிக்க வந்தவன் குள்ளமாய் நின்றவனைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டுப் போனான்.

அந்த மதியத்தில் குள்ளனுக்கு மூன்று வயது கூடியது. பள்ளிக்கூடப் பதிவேட்டில் இருக்கும் பதினாறு வயது துலியோ விமானம் ஏறிவிட்டதால், அவன் பள்ளிக்கூடம் போக முடியாது. அவனும் பந்தாடுவான். இரண்டாவது பேஸில், ஓடுகிறவர்கள் தொட்டுப் போகும் மூலையில் காவல். ஆனால் காகிதத்தில் பத்தொன்பது ஆகிவிட்ட ஒருவனை யாரும் நின்று பார்ப்பதில்லை. ஆலைப் பட்டறையில் சேர்ந்தான். ரொம்ப நன்றாக ஆடினேன் என்று சில வருடங்கள் நினைத்துக்கொண்டிருந்தான். பிறகு சுமாராக ஆடினேன் என்று நினைத்துக்கொண்டான். எது உண்மை என்று சொல்ல ஆள் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை தோறும் மார்சியாலின் கடைக்குத் தொலைபேசி வரும். கடை நிறையக் காதுகள். அந்தப் பக்கம் அமெரிக்காவிலும் யாராவது பக்கத்தில் நிற்பார்கள். அதனால் அண்ணன் தன் பெயரைச் சொல்லியே தம்பியைக் கூப்பிடுவான்.

“ஃபெர்மின், நல்லா இருக்கியாடா?”

“இருக்கேன் துலியோ. நீ சாப்டியா?”

அப்படியே கேட்டுக் கேட்டு ஒரு விளையாட்டு வாழ்க்கையைத் துலியோ தெரிந்துகொண்டான். எட்டு வருடம் சின்னச் சின்ன ஊர்களில். பதினாலு மணிநேர பஸ் பயணம். கடையில் சாப்பாட்டின் பெயர் தெரியாமல் பக்கத்து மேஜைக்காரன் தட்டைக் காட்டி வாங்கியது. பிறகு ஒருநாள் பெரிய அணி. பெரிய மைதானம். அங்கே ஆறு சீசன். எட்டாவது இன்னிங்ஸில் சுவர் மேல் ஏறி, வெளியே போய்விட்ட பந்தைக் கூட்டத்தின் மடியிலிருந்து பிடுங்கி வந்த அந்தப் பிடி. அதை நம் ஊர் ரேடியோ ஒரு மாதம் சொல்லிக்கொண்டிருந்தது. அப்புறம் ஒரு முழங்கால் போனது. அதிலிருந்து ஒரு அணி அவனை இன்னொரு அணிக்கு விற்றது. அது இன்னொன்றுக்கு. மெக்ஸிகோவில் இரண்டு வருடம். கடைசியில் குளிர்கால ஆட்டங்களுக்கு நம் ஊரிலேயே. முப்பத்தாறு வயது என்று ரேடியோ சொன்ன அந்தக் கடைசி ஆட்டத்தில், அவனுக்கு முப்பத்தொன்பது. அன்றைக்கும் சென்டர் ஃபீல்டிலிருந்து, மட்டைக்காரன் நிற்கும் ஹோமுக்கு ஒரே எறி. நிலத்தில் ஒரு தடவைகூடத் தட்டவில்லை.

முதல் வருடம் மட்டும் ஒரு விபத்து. பந்து இரண்டு பேருக்கு நடுவில் உயரப் போனால் ஒருத்தன் கூப்பிட வேண்டும், மற்றவன் ஒதுங்க வேண்டும். இடது பக்கம் நின்றவன், “துலியோ, விடு! துலியோ!” என்று தொண்டை கிழியக் கத்தினான். கொக்கு திரும்பவே இல்லை. இருவரும் மோதியதில் கத்தியவனுக்குக் கழுத்தெலும்பு முறிந்தது. அணிக்காரர்கள் இவனைக் காது மருத்துவரிடம் அனுப்பினார்கள். காதில் ஒரு குறையும் இல்லை. துலியோ என்றால் வீட்டில் இருக்கும் தம்பியைத்தானே கூப்பிடுகிறார்கள் என்று அவன் மனதில் பதிந்திருந்தது.

நேற்று மதியம் ஆஸ்பத்திரியில் அதைத்தான் சொல்லிச் சிரித்தான். சிறுநீரகம் இரண்டும் போய், முகம் ஊதி, குரல் மட்டும் மிச்சமிருந்தது.

“டேய், எனக்கு ஒரே ஒரு பயம்தான்.”

“என்னண்ணே?”

“மேல போனதும் பேரு சொல்லிக் கூப்பிடுவாங்கல்ல? துலியோன்னு கூப்பிட்டா, உன்னைத்தான் கூப்பிடுறாங்கன்னு நான் பாட்டுக்கு நின்னுட்டிருப்பேன்.”

“முப்பத்தொம்போது வருஷம் ஆச்சு. இன்னுமா பழகலை?”

“காது பழகிடுச்சுடா. நான் பழகலை.” கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினான். “உன் வயசை நான் தின்னுட்டேன்.”

“அதனால என்ன? மூணு வருஷம் முன்னாடியே எனக்கு ஆலையில ஓய்வு குடுக்கப் போறாங்க.”

அண்ணன் சிரிக்க முயன்றான். அப்புறம் சிரிக்காமல், தம்பியின் சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டு சொன்னான்: “என்னை என் பேர்ல அனுப்புடா.”

“அனுப்புறேன்.”

இருட்டுவதற்குள் போய்விட்டான்.

சமையலறையில் யூடெல்கா இஞ்சியைத் தட்டிக் கொதிநீரில் போட்டுக்கொண்டிருந்தாள். கூடத்தில் பெட்டி. பெட்டியைச் சுற்றி ஜெபமாலைக் குரல்கள். துலியோ கதவைச் சாத்தினான்.

“அண்ணி, அண்ணன் நேத்து ஒண்ணு கேட்டான்.”

“தெரியும். என்கிட்டயும் கேட்டாரு. ஒரு மாசமா கேட்டாரு.”

“அப்போ நீங்க என்ன சொன்னீங்க?”

“பேசாம மருந்தைக் குடிங்கன்னேன்.” தேநீரை வடிகட்டினாள். “மாசாமாசம் அங்கேருந்து வர்ற ஓய்வூதியம் துலியோ பெகெரோ பொண்டாட்டிக்கு வருது. சிலுவையில வேற பேரு இருந்தா, போட்டோ எடுத்து எவனாவது அனுப்ப மாட்டானா? ரேடியோக்காரன் க்யூட்டோ மைக்கோட வர்றான். அடக்கம் முழுக்க நேரடி ஒலிபரப்பாம்.”

“அது மட்டும்தானா?”

“இல்லை.” இப்போதுதான் அவள் அவனை நேராகப் பார்த்தாள். “இருபத்தொம்போது வருஷம் நான் துலியோன்னு ஒரு ஆளைக் கூப்பிட்டிருக்கேன். சண்டையில, பிரசவ வலியில, சோறு ஆறிப்போச்சுன்னு. அந்த ஆளைத்தான் நான் கட்டினேன். ஃபெர்மின் யாரு? எனக்கு அவரைத் தெரியாது. தெரியாத ஆளை நான் எப்படி அடக்கம் பண்ணுவேன்?”

துலியோ சாத்திய கதவில் சாய்ந்துகொண்டான்.

“அந்தப் பேரு உன்னோடதுன்னு நினைக்கிறே, தப்பில்லை. எனக்கு அது என் புருஷன்.” ஒரு குவளையை அவன் கையில் திணித்தாள். “குடி. காலையிலேருந்து ஒண்ணும் சாப்பிடலை நீ.”

அவன் நின்றபடியே குடித்தான். நாக்கு சுட்டது. குடித்து முடித்துவிட்டு வெளியே போய், “எழுது செலோ,” என்றான்.

“என்னன்னு?”

“அண்ணி சொன்ன மாதிரி.”

செலோ தூரிகையை எடுத்தான். கறுப்பு பெயிண்டைத் தொட்டு முதல் எழுத்தை இழுத்தான். துலியோ பக்கத்திலேயே நின்று பார்த்தான். தன் பெயர். தன் பிறந்த தேதி. கீழே, நேற்றைய தேதி.

“தன் சிலுவையைத் தானே நின்னு பாக்குற பாக்கியம் எத்தனை பேருக்குக் கிடைக்கும்?” என்றான் செலோ. “எழுத்து எப்படி?”

“கடைசி எழுத்து சாஞ்சிருக்கு.”

“உனக்கு எழுதுறப்போ நிமிர்த்திடறேன்.”

துலியோ சிரித்துவிட்டான். சிரித்ததும்தான் கண் கலங்கியது. செலோ டப்பாவைக் கலக்குவதுபோல் குனிந்துகொண்டான்.

மூன்று மணிக்குப் பெட்டியைத் தூக்கினார்கள். பந்தாடியவனைப் புதைப்பதற்கு முன்னால் மைதானத்துக்குக் கொண்டுபோகாமல் இந்த ஊரில் விடமாட்டார்கள். ஹோமிலிருந்து ஆரம்பித்து முதல் பேஸ், இரண்டாவது, மூன்றாவது என்று ஒவ்வொன்றிலும் பெட்டியை ஒரு கணம் தாழ்த்தித் தொட்டு, சுற்றி வந்தார்கள். பிறகு சென்டர் ஃபீல்டுக்கு. புல்லில் இறக்கி வைத்துவிட்டு எல்லோரும் நாலு அடி விலகி நின்றார்கள். அவனுக்கு ஓட இடம் வேண்டுமே.

“அன்பு நேயர்களே!” க்யூட்டோவின் குரல் தழுதழுத்தது. உள்ளூர்க்காரனில்லை அவன், நகரத்திலிருந்து வந்தவன், முப்பது வயது. “கொக்கு கடைசி முறையாகத் தன் இடத்தில் நிற்கிறது. துலியோ பெகெரோ! ஐம்பத்தைந்தே வயது!”

“அம்பத்தெட்டு,” என்று துலியோவின் காதருகே ஒரு குரல் முணுமுணுத்தது. மார்சியால். எண்பதை நெருங்கும் கிழவர். தொப்பி கையில். சுற்றிலும் பார்த்துவிட்டு இன்னும் தணிந்த குரலில் சொன்னார்: “உன் ஃபெர்மினுக்காக ரொம்ப வருத்தப்படுறேன்டா, துலியோ.”

துலியோ அவர் கையை இறுக்கிப் பிடித்தான். காலையிலிருந்து இது ஏழாவது ஆள். எல்லோரும் கைகுலுக்கும்போது உரக்கச் சொல்வது ஒன்று. அணைக்கும்போது காதில் சொல்வது வேறொன்று. ஏழு பேர் காதில் சொன்ன பெயரை ஒருவர்கூட வாய்விட்டுச் சொல்லவில்லை. அவனும்தான் சொல்லவில்லை.

‘அனுப்புறேன்’ என்று சொல்லியிருக்கிறான். இன்னும் அரை மணிநேரம்.

கல்லறைத் தோட்டத்துக்கு வேலி கிடையாது. கரும்பு ரயில் தண்டவாளத்தைத் தாண்டினால் சிமெண்ட் அறைகள் வரிசையாய், ஒன்றன்மேல் ஒன்றாய். கீழ் வரிசையில் ஒரு அறை வாய் திறந்திருந்தது. கொத்தன் கலவையைக் கிளறிக்கொண்டிருந்தான். பாதிரியார் ஜெபித்தார். துலியோ என்ற ஆன்மாவை ஒப்படைத்தார். தண்ணீர் தெளித்தார். பெட்டியை அறைக்குள் செலுத்தத் தொடங்கினார்கள்.

“துலியோ!”

யூடெல்காவின் குரல். அடிவயிற்றிலிருந்து வந்தது. பெண் பிள்ளைகள் இருவரும் இரண்டு பக்கமும் அவளைத் தாங்கிக்கொண்டார்கள். அவளைத் தொடர்ந்து கூட்டமும் கூப்பிட்டது. “துலியோ! துலியோ!” இருநூறு பேர் இருப்பார்கள். பெட்டி அறைக்குள் போகும்போது பெயர் சொல்லி அழாத குடும்பம் இந்தப் பக்கம் கிடையாது.

ஒவ்வொரு கூப்பிடலுக்கும் துலியோவின் கழுத்து லேசாக நிமிர்ந்தது. அவனைத்தான் கூப்பிடுகிறார்கள். சின்ன வயதில் தெருமுனையிலிருந்து கூப்பிட்ட மாதிரியே கூப்பிடுகிறார்கள். அப்படியானால் உள்ளே போகிறவனை யார் கூப்பிடுவது?

பெட்டி முக்கால்வாசி போய்விட்டது.

எதிரில் க்யூட்டோவின் மைக். இடது பக்கம் யூடெல்கா. வாயைத் திறந்தால் என்னவாகும் என்று அவனுக்கு நன்றாகத் தெரியும். ஊர் ஊராகக் கேட்கும். அமெரிக்காவில் கேட்கும். அண்ணியின் அடுப்பில் கேட்கும்.

“ஃபெர்மின்!”

அவன் குரல்தான். அவனுக்கே அடையாளம் தெரியவில்லை.

அழுகை சட்டென்று நின்றது. கொத்தனின் கரண்டி நின்றது. யூடெல்காவின் விரல்கள் அவன் மணிக்கட்டைப் பிடித்தன. நகம் தோலில் இறங்கியது. க்யூட்டோ மைக்கைத் தாழ்த்தி, விழித்து, இவன் முகத்தைப் பார்த்தான்.

“ஃபெர்மின்!” இரண்டாவது முறை சுலபமாக வந்தது.

“ஃபெர்மின்!” பின்னாலிருந்து ஒரு கரகரத்த குரல். மார்சியால். கழுத்து நரம்பு புடைக்க. விசாரணைக்காரனிடம் சத்தியம் செய்த அதே வாயால்.

“ஃபெர்மின்!” இது செலோ.

அப்புறம் யார் யார் என்று சொல்ல முடியவில்லை. ஐம்பதைத் தாண்டிய அத்தனை பேரும். ஆலையில் கால் போனவர்கள், பல் போனவர்கள், மூன்றாவது பேஸில் நின்று வயதானவர்கள், அவனோடு ஆற்றில் குளித்தவர்கள், அவனைக் காதலித்து வேறு ஆளைக் கட்டிக்கொண்ட ஒருத்தி. முப்பத்தொன்பது வருடம் தொண்டையில் வைத்திருந்ததை ஒரே மூச்சில் இறக்கி வைத்தார்கள். இளசுகள் ஒன்றும் புரியாமல், பெரியவர்கள் கத்துகிறார்கள் என்று தாங்களும் சேர்ந்து கத்தினார்கள்.

“நேயர்களே...” க்யூட்டோ தடுமாறினான். கூட்டத்தைப் பார்த்தான். துலியோவைப் பார்த்தான். கையிலிருந்த சீட்டைப் பார்த்தான். அதில் எழுதியிருந்தது: இறந்தவரின் ஒரே சகோதரர், அண்ணன், பெயர் ஃபெர்மின் பெகெரோ. அவன் முகம் தெளிந்தது. மைக் உயர்ந்தது. “நேயர்களே, என்ன ஒரு காட்சி! தம்பியைப் பறிகொடுத்த அண்ணன் துக்கம் தாளாமல் தன் பெயரையே சொல்லிக் கதறுகிறார். ஊரே அவர் பெயரைச் சொல்லி அவரைத் தேற்றுகிறது! நீங்கள் கேட்கிறீர்களா? ஃபெர்மின்! ஃபெர்மின்! இப்படி ஒரு ஊரை நான் பார்த்ததில்லை!”

அது கரும்புக்காட்டைத் தாண்டி, கடலைத் தாண்டி, கேட்கிற எல்லோர் வீட்டிலும் அப்படியே ஒலித்தது.

யூடெல்காவின் பிடி தளர்ந்தது. நகங்கள் தோலை விட்டன. விரல்கள் விடவில்லை. அவள் ஃபெர்மின் என்று சொல்லவில்லை. அவள் உதடு முணுமுணுத்தது துலியோ என்றுதான். அந்த இரைச்சலில் அது பெட்டிக்கு மட்டுமே கேட்டிருக்கும்.

அண்ணன் தம்பி இருவரையும் பெற்ற அம்மா, அறைக்கு எதிரே ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். காலையிலிருந்து அழவில்லை, பேசவில்லை. எண்பத்து மூன்று வயது. இரைச்சல் தானாக அடங்கும்வரை காத்திருந்தாள். அடங்கியதும், “ஃபெர்மின்,” என்றாள். சத்தமாக இல்லை. சோறு போட்டு வைத்துவிட்டுக் கூப்பிடும் குரல்.

பெட்டி ஒரு உரசலோடு கடைசிவரை உள்ளே போனது.

கூட்டம் கலையும்போது க்யூட்டோ வந்து துலியோவின் தோளைத் தட்டினான். “மனசைத் தேத்திக்குங்க ஐயா. ஒண்ணே ஒண்ணு கேக்கலாமா? எதுக்கு உங்க பேரையே சொல்லிக் கூப்பிட்டீங்க?”

துலியோ வாயைத் திறப்பதற்குள் மார்சியால் இடையில் புகுந்தார். “தம்பி, நீ இன்னும் யாரையும் பறிகொடுத்ததில்லைன்னு நினைக்கிறேன். துக்கத்துல மனுஷன் என்னத்தையாவது கத்துவான். வா, வந்து ஒரு வாய் ரம் குடி. தலைமுடி வேற காடா வளர்ந்திருக்கு.” தோளில் கைபோட்டு இழுத்துப் போனார்.

கொத்தன் கடைசிக் கல்லை வைத்துக் கலவையைப் பூசி மெழுகினான். யூடெல்கா பிள்ளைகளோடு முன்னால் நடந்தாள். தண்டவாளத்தருகே நின்று திரும்பி, துலியோ வருகிறானா என்று பார்த்துவிட்டு, மறுபடி நடந்தாள்.

அம்மா எழுந்திருக்க முயன்றாள். பாதம் வீங்கி, கறுப்புச் செருப்பு பிடித்துக்கொண்டிருந்தது. துலியோ மண்டியிட்டான். ஒரு செருப்பைக் கழற்றினான். மற்றதைக் கழற்றினான். விழாமலிருக்க அவள் அவன் தலையில் கை வைத்துக்கொண்டாள். செருப்பு இரண்டும் கழன்ற பிறகும் கையை எடுக்கவில்லை. அவனும் எழுந்திருக்கவில்லை. வெயில் சிமெண்ட் அறைகளின் அந்தப் பக்கம் இறங்கிக்கொண்டிருந்தது. நிழல் மெல்ல நகர்ந்து வந்து, அவளுடைய வெறும் பாதங்களுக்குக் கீழே சுட்டுக்கொண்டிருந்த தரையை மூடியது.